ஸ்பீக்கர் இரைச்சல்: ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் கொஞ்சம் காது கொடுங்கள்

அப்பா காலை ஐந்தரைக்கெல்லாம் பாட உட்கார்ந்துவிடுவார். அவருடைய எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி போன வருடம் நின்று போனது. ஹாலில் சும்மா கிடந்த, திரையும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியாக இருக்கும் பழைய ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டரில் தம்பூரா ஒலிக்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டு, ஒரு கட்டை சுருதி வைத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாளே கூப்பிட்டார். "தம்பி, இதுல பஞ்சமம் ஆடுது. என்னன்னு பாரு."

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஆடத்தான் செய்தது. பஞ்சமத் தந்தி, அதாவது 'ப' ஸ்வரத் தந்தி, ஒலிக்கும்போதெல்லாம் அடியில் ஊவ்-ஊவ்-ஊவ் என்று ஓர் அலை, நொடிக்கு நாலு தடவை. தம்பூராவை நிறுத்தினால் அலை போய்விட்டது, ஆனால் ஸ்பீக்கர் அமைதியாகவில்லை, மெல்ல உறுமிக்கொண்டே இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்ததும் அப்பாவின் காது மேல் எனக்கு மரியாதை கூடியது. ஒரு கட்டை சுருதியில் ஷட்ஜம் ('ச') சுமார் 131 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 131 அதிர்வு. அதற்குக் கீழே வரும் பஞ்சமம் 98. அதன் இரட்டிப்பு 196. நம் வீட்டுக்கு வரும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கம்ப்யூட்டருக்குள் அதை டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) ஆக்கும்போது உறுமல் 100 ஹெர்ட்ஸில் கிளம்பும், கூடவே அதன் இரட்டிப்பான 200-ம் வரும். ஆல்-இன்-ஒன்னில் இருக்கிற சின்ன ஸ்பீக்கர்களில் 100 அவ்வளவாகக் கேட்காது, 200 நன்றாகக் கேட்கும். 196-ம் 200-ம் ஒன்றாக ஒலித்தால் நடுவில் இருக்கிற அந்த நாலு தான் அலையாக வரும். அவர் சொன்ன "ஆடுது" என்கிற ஒரு வார்த்தைக்குள் இவ்வளவும் இருந்தது.

மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2009 வாக்கில் வந்தது, 20 அங்குலத் திரை, கோர் 2 டூயோ, 4 ஜிபி ராம், இப்போது லினக்ஸ் போட்டு ஓடுகிறது. பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது, பின்னால் மூன்று பின் ஒயர். திரைக்குப் பின்னால் எல்இடி கிடையாது, மெல்லிசான டியூப் விளக்கு. கடையில் கேட்டதற்கு, சவுண்ட் சிப் போய்விட்டது, மதர்போர்டு மாற்ற 4,500 ஆகும், அதற்கு இதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. பாட்டு கேட்க, மின்னஞ்சல் பார்க்க, அப்பாவின் தம்பூராவுக்கு, எல்லாவற்றுக்கும் போதுமான மெஷின் அது. மூன்று வார இறுதிகள் அதோடு உட்கார்ந்தேன். ஒரு இரைச்சல் என்று நாங்கள் நினைத்தது ஐந்து இரைச்சல். அதில் பெட்டிக்குள்ளேயே காரணம் இருந்தது இரண்டுக்குத்தான், மற்றதற்கெல்லாம் காரணம் வீட்டில் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், திறப்பதற்கு முன் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது? முதலில் ஒலியளவைச் சுழியத்துக்குக் கொண்டுபோங்கள். அப்போதும் இரைச்சல் அப்படியே இருந்தால் அது ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் சிப்பிலோ, ஸ்பீக்கர் ஒயரிலோ, பவர் வழியாகவோ நுழைகிறது. ஒலியளவோடு சேர்ந்து குறைந்தால் அதற்கு முன்னாலேயே, சவுண்ட் சிப் பக்கம் நுழைகிறது. அப்புறம் ஹெட்ஃபோன் மாட்டிப் பாருங்கள். ஹெட்ஃபோனில் சுத்தமாக இருந்து ஸ்பீக்கரில் மட்டும் இரைந்தால் சவுண்ட் சிப்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை, மதர்போர்டு மாற்ற வேண்டிய பேச்சே இல்லை. என் மெஷினில் ஹெட்ஃபோனில் ஒரு சின்னக் கிர்ர் மட்டும் இருந்தது, பெரிய உறுமல் இல்லை. அதிலேயே 4,500 ரூபாய் மிச்சம் என்று தெரிந்துவிட்டது. அடுத்து யுஎஸ்பியில் தொங்குவது, ஆடியோ ஒயர், பிரிண்டர் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒவ்வொரு முறையும் நின்று கேட்க வேண்டும். அப்புறம் வீட்டில் ஃபேன், லைட் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குச் செய்தால் நல்லது, தெரு அடங்கியிருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்த சத்தம் முதலில். "டிட்-டிடிட்-டிட்-டிடிட்-டிர்ர்ர்" என்று வந்து, ஒரு நொடி கழித்து போன் மணி அடிக்குமே, அது. அப்பாவின் பட்டன் போன் கம்ப்யூட்டரின் காலடியிலேயே கிடக்கும். 2ஜி போன் தொடர்ந்து அலை அனுப்புவதில்லை. நேரத்தை எட்டுத் துண்டாகப் பிரித்து, தன் துண்டு வரும்போது மட்டும் வெடுக்கென்று அனுப்பும், நொடிக்குச் சுமார் 217 தடவை. 900 மெகாஹெர்ட்ஸில் ஒரு வெடிப்பு 2 வாட் வரைக்கும் போகலாம். அலை காதுக்குக் கேட்காது. ஆனால் ஸ்பீக்கர் ஒயர் ஆன்டெனாவாக அதைப் பிடித்து ஆம்ப்ளிஃபையரின் டிரான்சிஸ்டர்களிடம் கொடுக்க, அவை அந்த 217 தாளத்தைப் பிரித்து எடுத்துச் சத்தமாக்கிவிடுகின்றன. 4ஜியில் மட்டும் பேசும் போன் இந்தச் சத்தத்தை இப்படிப் போடுவதில்லை, அதனால்தான் என் போனை வைத்தால் ஒன்றும் இல்லை, அப்பா போனுக்கு மட்டும் கச்சேரி.

இதற்கு போனைத் தள்ளி வைப்பதுதான் மருந்து. தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகிவிடும். சிக்னல் குறைவான இடத்தில் போன் இன்னும் பலமாகக் கத்தும் என்பதையும் கவனியுங்கள். எங்கள் ஹாலின் உள்மூலையில் கனத்த சுவர், அங்கே இரைச்சல் மோசமாக இருந்தது. ஜன்னல் விளிம்புக்கு போன் இடம் மாறியது, டவரும் நன்றாகக் கிடைத்தது, சத்தமும் போயிற்று. காசு செலவில்லை.

இரண்டாவதுதான் பெரியது, அந்த 100 ஹெர்ட்ஸ் உறுமல். அதற்குத் துப்புக் கொடுத்ததும் அப்பாதான். "பின்னால கை வச்சா சுருக்குங்குது, ஆனா அப்ப சத்தம் கொஞ்சம் மாறுதுப்பா." வெறுங்காலோடு நின்று பின்பக்க உலோகத்தை விரலின் புறத்தால் தடவிப் பார்த்தேன். மின்சாரம் அடிக்கவில்லை, ஆனால் எறும்பு ஊர்கிற மாதிரி ஓர் அதிர்வு. எர்த் இல்லை என்று அப்போதே பாதி புரிந்தது.

இந்த மாதிரி பவர் சப்ளையில் கரண்ட் உள்ளே வரும் இடத்திலேயே இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கும் பாகங்கள்) இருக்கும், ஒன்று பேஸிலிருந்து, அதாவது கரண்ட் வரும் கம்பியிலிருந்து, மெஷினின் உலோக உடலுக்கு, இன்னொன்று திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலிலிருந்து உடலுக்கு. உள்ளே உண்டாகும் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிடுவது அவற்றின் வேலை. எர்த் இருந்தால் எல்லாம் சரி. இல்லாவிட்டால் உடல் அந்தரத்தில், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் தொங்கும், அதாவது 230-இல் பாதி. கரண்ட் மிகக் கொஞ்சம் என்பதால் சுருக்கென்பதோடு போய்விடுகிறது. ஆனால் தள்ளிவிடப்பட வேண்டிய இரைச்சலெல்லாம் போக வழியில்லாமல் உடலிலேயே நின்று, கிடைக்கிற ஆடியோ ஒயர், ஸ்பீக்கர் ஒயர் எல்லாவற்றிலும் ஏறும்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளக்கும் இடத்தில் வைத்து, கம்ப்யூட்டரின் உலோகத்துக்கும் சமையலறை பாயின்டின் எர்த்துக்கும் நடுவில் அளந்தேன். 108 வோல்ட். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வந்தவர் சுவர் பாயின்டைக் கழற்றிப் பார்த்து, "இங்க எர்த் இருக்கு தம்பி, 230 காட்டுது பாருங்க" என்றார். பேஸுக்கும் எர்த்துக்கும் 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2 வோல்ட். நல்ல எர்த்.

"அப்ப எங்கண்ணே போகுது?"

அவர் கீழே கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திருப்பி, நாலு ஸ்க்ரூவைக் கழற்றினார். வெளியே மூன்று துளை, மூன்று பின் பிளக், பார்க்க ஒரு குறையும் இல்லை. உள்ளே வந்த ஒயரில் இரண்டே இரண்டு கம்பி. எர்த் தகடு வெறுமனே பளபளவென்று உட்கார்ந்திருந்தது, எதனோடும் சேராமல். இத்தனை வருடம் அந்தப் பாக்ஸில்தான் எல்லாம் ஓடியிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது. மூன்றாவது துளை என்பது ஒரு வாக்குறுதி, உள்ளே கம்பி இல்லாமல் அதை விற்பது உயிரோடு விளையாடுவது. உங்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இன்றைக்கே சோதியுங்கள். சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (கம்பி தொடர்கிறதா என்று பார்க்கும் இடம்) வைத்து, பிளக்கின் பெரிய பின்னுக்கும் பாக்ஸின் பெரிய துளைக்கும் தொட்டுப் பார்த்தால் பீப் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் அது எர்த் இல்லாத பாக்ஸ்.

மூன்று கம்பி ஒயர் போட்ட நல்ல பாக்ஸ் 450 ரூபாய்க்கு வாங்கி மாட்டியதும் 108 வோல்ட் சுழியம் ஆயிற்று. உறுமல் முக்கால்வாசி போயிற்று. சுருக்கும் போயிற்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. எர்த் பின்னை உடைத்துவிட்டால், டேப் ஒட்டிவிட்டால் உறுமல் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். சில இணைப்புகளில் போகவும் செய்யும். தயவுசெய்து செய்யாதீர்கள். என்றைக்காவது உள்ளே பேஸ் உடலில் தொட்டால் அதை வாங்கிக்கொள்ள உங்கள் கைதான் இருக்கும். வீட்டில் எர்த்தே சரியில்லை, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பத்துப் பதினைந்து வோல்ட் காட்டுகிறது என்றால் எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் கரியும் உப்பும் போட்டு இறக்கிய குழாய்தான் இருக்கும், கோடையில் மண் காய்ந்தால் அது வேலை செய்யாது, வாளித் தண்ணீர் ஊற்றினாலே வித்தியாசம் தெரியும்.

மிச்சமிருந்த கால்வாசி என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. ஒரு கரகரப்பு, "ஸ்ர்ர்ர்" என்று. சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. சாயங்காலம் வரும், காலையில் வராது. காலையில் அப்பா குளிருக்காக ஃபேனைப் போடுவதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ. எங்களுக்குத் திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸில் வரும். அதை விட்டுச் சற்றுத் தள்ளி, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு ரேடியோவைக் கையில் பிடித்தபடி ஹாலைச் சுற்றி நடந்தேன். மீடியம் வேவ் ரேடியோ இரைச்சலை மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி. கம்ப்யூட்டர் பக்கம் கொஞ்சம் இரைந்தது, சுவிட்ச் போர்டு பக்கம் போனதும் கத்தியது. ஃபேன் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தால் அடங்கியது, மூன்றில் வைத்தால் உச்சம்.

அது திருகுகிற பழைய மாடல் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். உள்ளே இருக்கும் டிரையாக், கரண்ட் அலையின் ஒரு பகுதியை நறுக்கி எறிந்துவிட்டு மீதியை ஃபேனுக்கு விடும், நொடிக்கு 100 நறுக்கு. ஒவ்வொரு நறுக்கிலும் ஒரு கூர்மையான இரைச்சல் ஒயர் வழியாகவும் காற்று வழியாகவும் கிளம்பும். முழு வேகத்தில் நறுக்குவதற்கு அதிகம் இல்லை, அதனால் அமைதி. இதற்கு மாற்று, படிப்படியாக டக் டக்கென்று திரும்பும் கெப்பாசிட்டர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர். அது அலையை நறுக்குவதே இல்லை. 280 ரூபாய், எலக்ட்ரீஷியன் அண்ணன் பத்து நிமிடத்தில் மாற்றினார். கம்ப்யூட்டருக்கு வைத்தியம் ஃபேன் போர்டில் நடந்தது. ரேடியோவை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டையும் ஒரு சுற்று வாருங்கள், மலிவான எல்இடி பல்பும் போன் சார்ஜரும்கூட மாட்டும்.

கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ஸ்பீக்கர் கரடுமுரடாக இரைந்தால், உங்களுடையது சதுர அலை தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். அதற்குக் கம்ப்யூட்டரில் செய்ய ஒன்றும் இல்லை, அடுத்த முறை வாங்கும்போது வழவழப்பான அலை தரும் சைன் வேவ் வாங்குங்கள்.

சரி, ஹெட்ஃபோனில் கேட்ட அந்தச் சின்னக் கிர்ர். மவுஸை அசைத்தால் அதன் சுருதி மாறும், பக்கத்தை உருட்டினால் கூடவே கீச்சிடும். இது மென்பொருளிலேயே சரியாகிற விஷயம். பழைய மதர்போர்டுகளில் சிடி டிரைவ், லைன்-இன், மைக் என்று அனலாக் வழிகள் பல உண்டு. அவற்றில் ஒன்றும் செருகாவிட்டாலும் ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் திறந்தே கிடந்தால், உள்ளே ஓடும் டிஜிட்டல் இரைச்சலையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்து ஸ்பீக்கரில் கொட்டும். லினக்ஸில் ஆல்சாமிக்சர் என்ற ஒலி மென்பொருளைத் திறந்து, பிளேபேக் பக்கத்தில் இருந்த சிடி, லைன், மைக், பீப் நாலையும் மியூட் செய்தேன், உள்ளே வரும் ஒலியைத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்பும் லூப்பேக்கை நிறுத்தினேன். விண்டோஸில் ஸ்பீக்கர் பண்புகளில் லெவல்ஸ் என்ற பகுதியில் இதே பட்டியல் இருக்கும். கிர்ர் காணாமல் போயிற்று. பாட்டு தொடங்கும்போதும் முடியும்போதும் "டொப்" என்று ஒரு சத்தம் வந்தால் அது இரைச்சல் அல்ல, சவுண்ட் சிப் தூங்கி எழுவது. அதன் பவர் சேவிங்கை நிறுத்தினால் போதும்.

இதற்கெல்லாம் பிறகுதான் பெட்டியைத் திறந்தேன், ஏனென்றால் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்தால் ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய "ஙீஇஇ". முழு வெளிச்சத்தில் இல்லவே இல்லை. டியூப் விளக்குத் திரை உள்ள ஆல்-இன்-ஒன்களில் இது பொதுவான வியாதி. அந்த டியூபுக்கு ஒளி கொடுக்க ஒரு சின்ன போர்டு இருக்கும், அதற்கும் இன்வெர்ட்டர் என்றுதான் பெயர், வீட்டு இன்வெர்ட்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டோ இருபத்துநாலோ வோல்ட்டை வாங்கிப் பல நூறு வோல்ட்டாக, பல்லாயிரம் ஹெர்ட்ஸில் மாற்றித் தரும். அந்த வேகம் காதுக்கு எட்டாது. ஆனால் வெளிச்சத்தைக் குறைக்கச் சொன்னால் டியூபை நொடிக்குச் சில நூறு தடவை அணைத்து அணைத்துப் போடும். அது காதுக்கு எட்டுகிற வேகம்.

திறக்காமலேயே ஒரு வழி இருக்கிறது. திரையின் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி வைத்துவிட்டு, படத்தின் நிறத்தை மென்பொருளில் இருட்டாக்குவது. கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், டியூப் எரிவது முழுதாகத்தான், ஙீ வராது. ஒரு மாதம் அப்படித்தான் ஓட்டினேன். கரிய நிறம் கொஞ்சம் வெளிறும், அப்பாவுக்கு அது பிரச்சினை இல்லை. எனக்குத்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை நாலைந்து முறை அமுக்கி, அரை மணி நேரம் விட்டேன். பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேலேயே தேங்கி நிற்கும், அந்த டப்பாவை மட்டும் நான் திறக்கவே இல்லை, நீங்களும் திறக்காதீர்கள். ஜமுக்காளத்தை நாலாக மடித்து அதன் மேல் திரையைக் குப்புறப் படுக்க வைத்தேன். பின்மூடி ஸ்க்ரூ எடுத்த பிறகும் வரவில்லை, ஓரமெல்லாம் பிளாஸ்டிக் கொக்கி. காலாவதியான ஏடிஎம் கார்டு இரண்டை இடுக்கில் செருகி, ஒன்றைப் பிடித்தபடி இன்னொன்றை நகர்த்தி நகர்த்தி எடுத்தேன். உள்ளே பதினைந்து வருடத் தூசி, கம்பளி மாதிரி. பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்த பிறகுதான் ஒயர்கள் கண்ணுக்குத் தெரிந்தன.

தெரிந்ததும் காரணமும் தெரிந்தது. வலது ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இரண்டும் நேராக, ஒன்றை ஒன்று ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு, இன்வெர்ட்டர் போர்டின் டிரான்ஸ்பார்மரை உரசியபடி ஒரு சாண் நீளத்துக்குப் போயின. இரண்டு ஒயருக்கு நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் இரைச்சலைப் பிடிக்கும் வலை. முறுக்கிவிட்டால் வலை சின்னச் சின்னக் கண்ணிகளாகி, ஒரு கண்ணி பிடித்ததை அடுத்தது எதிர்ப்பக்கமாகப் பிடித்து ஈடுகட்டிவிடும். தொலைபேசிக் கம்பிகளுக்காக கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிய யோசனை இது, இன்றைக்கும் லேன் கேபிளுக்குள் இருப்பது அதுதான். ஸ்பீக்கர் முனையைக் கழற்றி, அம்மா பூத்தொடுக்கும் நாரை முறுக்குகிற மாதிரி இரண்டையும் ஒன்றாக முறுக்கினேன், ஓர் அங்குலத்துக்கு இரண்டு முறுக்கு வரும்படி. அப்புறம் டிரான்ஸ்பார்மர் பக்கம் போகாமல் கீழ் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய், கறுப்பு டேப்பால் ஒட்டினேன். வைஃபை ஆன்டெனா ஒயரும் ஸ்பீக்கர் ஒயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது, அதையும் பிரித்துவிட்டேன். உங்கள் மெஷினில் ஒயர்கள் சந்தித்தே ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறி மாதிரி குறுக்கே சந்திக்கட்டும், பக்கத்தில் பக்கத்தில் போகக் கூடாது.

இன்னொன்றும் செய்தேன். செத்துப்போன பழைய மானிட்டரின் கேபிள் முனையில் ஒரு குண்டு இருக்குமே, அதன் பிளாஸ்டிக்கை மெதுவாக வெட்டினால் உள்ளே கறுப்பாக, ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன ஓர் உருளை கிடைக்கும். கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும், கவனம். ஸ்பீக்கர் ஒயர் ஜோடியை ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் அதற்குள் மூன்று சுற்று விட்டேன். மூன்று சுற்று என்றால் பலன் மூன்று மடங்கு இல்லை, ஏறக்குறைய ஒன்பது மடங்கு. ஆனால் ஃபெரைட் அடக்குவது ரேடியோ அலை மாதிரியான வேகமான இரைச்சலை மட்டும்தான், 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு எத்தனை குண்டு மாட்டினாலும் ஒன்றும் நடக்காது. எர்த் பிரச்சினைக்கு ஃபெரைட் வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய.

சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றலாம் என்ற யோசனை பலருக்கு வரும், எனக்கும் வந்து சுற்றினேன், அன்று மாலையே எடுத்துவிட்டேன். அது பிசின் இல்லாமல் நழுவும், கிழியும், ஒரு துண்டு போர்டில் விழுந்தால் மெஷின் போயிற்று. பதிலாக இன்வெர்ட்டர் போர்டுக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் தடுப்பின் வெளிப்பக்கத்தில் காப்பர் டேப் ஒட்டி, அதன் ஒரே ஒரு முனையை மெஷினின் உலோக உடலோடு ஒயர் வைத்துப் பற்றவைத்தேன். டேப் 120 ரூபாய்.

ஒயர்களைத் தொடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மெஷின்களில் பெரும்பாலும் ஸ்பீக்கரின் கறுப்பு ஒயர் கிரவுண்ட் (மெஷினின் உடலோடு சேர்ந்த ஒயர்) கிடையாது, ஆம்ப்ளிஃபையர் இரண்டு ஒயரையும் எதிரெதிராக ஓட்டும். கறுப்பைக் கிரவுண்ட் என்று நம்பி உடலோடு சேர்த்தால் ஆம்ப்ளிஃபையர் சிப் புகைந்துவிடலாம். திறந்தது திறந்ததுதான், கெப்பாசிட்டர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 2000-களில் செய்த போர்டுகளில் தலை உப்பிய கெப்பாசிட்டர் சர்வ சாதாரணம். தலை தட்டையாக இருக்க வேண்டும், அப்பளம் மாதிரி எழும்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதே மைக்ரோஃபாரடில் (அதன் கொள்ளளவு), அதே அல்லது அதிக வோல்ட்டில், 105 டிகிரி என்று போட்டதை வாங்கி, பட்டை இருக்கும் பக்கத்தை மாற்றாமல் வைக்க வேண்டும். என்னுடையதில் எல்லாம் தட்டையாக இருந்தன, தொடவில்லை.

1998-இல் ஐமேக் வந்த காலத்து மாதிரி, உள்ளே கண்ணாடிக் குழாய்த் திரை இருக்கும் ஆல்-இன்-ஒன் யாரிடமாவது இருந்தால், இதில் எதையும் வீட்டில் செய்ய வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அதற்கு அனுபவமுள்ள டிவி மெக்கானிக்தான் வேண்டும்.

மூடி மாட்டி, வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுக் கேட்டேன். காதை ஸ்பீக்கரில் ஒட்டி வைத்தால் மட்டும் லேசாக ஒரு ஙீ. ஓரடி தள்ளினால் இல்லை.

எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது, நவராத்திரிக்கு அப்பா கம்ப்யூட்டரை ஹால் ஹோம் தியேட்டரோடு சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் பழைய உறுமல் இரண்டு மடங்காக வந்து நின்றது. ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். ஹோம் தியேட்டரோடு சேர்ந்திருந்த செட்டாப் பாக்ஸின் பின்னால் இருந்த கேபிள்காரரின் ஒயரைக் கழற்றினேன், உறுமல் சட்டென்று நின்றது. அந்தக் கேபிளின் வெளி உறை தெருவில் எங்கேயோ வேறு இடத்தில் எர்த் ஆகியிருக்கிறது, கம்ப்யூட்டர் எங்கள் வீட்டு எர்த்தில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன வித்தியாசம் ஆடியோ ஒயரின் உறை வழியாக ஓடுகிறது. எர்த்தை எந்தப் பக்கமும் துண்டிக்காமல் இதைத் தீர்க்க ஆடியோ ஒயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டப்பாவை மாட்ட வேண்டும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர், பாட்டு தாண்டும், எர்த் வித்தியாசம் தாண்டாது. 350 ரூபாய். மலிவான டப்பாக்களில் கீழ்ச்சுருதி கொஞ்சம் மெலியும், மிருதங்கத்தின் தொப்பி அடியில் கனம் குறைந்ததை அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். பாட்டுக்குப் பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

இப்போது காலையில் தம்பூரா ஆடாமல் நிற்கிறது. ஹார்ட் டிஸ்க் படிக்கும்போது மட்டும் இடது ஸ்பீக்கரில் கரப்பான் நடக்கிற மாதிரி ஒரு கிசுகிசுப்பு. அப்பாவுக்குக் கேட்கிறதாம், எனக்கு ஹெட்ஃபோன் போட்டால்தான் கேட்கிறது. அடுத்த மாதம் அதற்குப் பதிலாக, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுப் பார்க்கிறேன்.